பட்டினி கிடந்த 36 பேர்

இன்னைக்கு 1944-க்குப் போகப் போறோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். குண்டாக இருக்கும் நண்பர்களிடம் "கொஞ்சம் வாயைக் கட்டுப்பா" என்று நானும் சொன்னவன்தான். சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக ஆகிற பிள்ளைகளைப் பற்றி "எல்லாம் பிடிவாதம்" என்றும் சொல்லியிருக்கிறேன். ரெண்டுமே மனஉறுதி விஷயம்னுதான் நினைச்சேன். இந்தக் கதையைப் படிச்சப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரல.

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். ஐரோப்பாவில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினி. போர் முடிந்ததும் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஆனால் வாடிப்போன உடம்பை எப்படித் தேற்றுவது, எவ்வளவு கொடுப்பது? சரியான விடை யாரிடமும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆன்செல் கீஸ் அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்.

இதுக்கு யார் வருவாங்க? வந்தாங்க. போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனச்சாட்சிப்படி மறுத்த இளைஞர்கள். கொல்ல மறுத்தோம், ஆனால் மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தவர்கள். உடம்பும் மனசும் நல்ல நிலையில் இருந்த 36 பேரைக் கீஸ் தேர்ந்தெடுத்தார். பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் அவருடைய ஆய்வகம் இருந்தது.

1944 நவம்பரில் ஆரம்பம். முதல் 12 வாரம் நாளுக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் ஏறக்குறைய 1,570. ரெண்டே வேளை; உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. கூடவே வாரத்துக்கு 22 மைல் நடக்கணும். முழுப் பட்டினி இல்லை, கவனிங்க. 1,500 கலோரின்னு இன்னைக்கு எத்தனையோ டயட் சார்ட்டுல பாக்கறோம்.

எடை சராசரியாக 69 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு இறங்கியது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 35 வரை குறைந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்தது. கோடையிலும் குளிர் தாங்கவில்லை.

மனசுதான் இதைவிட மோசமாக மாறியது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் புத்தகங்களை நாவல் மாதிரிப் படித்தார்கள். தட்டை வழித்து நக்கினார்கள். சூயிங்கம்மை ஓயாமல் மென்றார்கள். கலகலப்பானவர்கள் எரிந்து விழுந்தார்கள், பிறகு யாரோடும் பேசாமல் ஒதுங்கினார்கள். ஒருவர் விறகு வெட்டும்போது தன் கைவிரல்கள் மூன்றை வெட்டிக்கொண்டார். கை தவறியதா, வேண்டுமென்றே செய்தாரா? அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிடும்னுதானே நினைப்போம்? ஆகல. கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு வலிக்க வலிக்கச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது, பசி அடங்கவில்லை. தசை தேறுவதற்கு முன்பே கொழுப்பு திரும்பியது. பழைய அளவையும் தாண்டியது. பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆனது.

கீஸ் இதையெல்லாம் 1950-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். நிவாரணப் பணிக்காக எழுதியது. ஆனால் பிற்காலத்தில் அதை விடாமல் புரட்டியவர்களில் உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களும் உண்டு. காரணம் இருக்கு. அனோரெக்ஸியா நோயாளியிடம் அவர்கள் பார்த்த பலவும், அதாவது உணவைப் பற்றிய ஓயாத சிந்தனை, விநோதமான சாப்பாட்டுப் பழக்கங்கள், மனச்சோர்வு, ஒதுங்கிப்போவது, எல்லாமே எந்த நோயும் இல்லாத அந்த 36 பேரிடமும் வந்திருந்தன. அப்படின்னா அதில் ஒரு பகுதி குணமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. பட்டினி செய்கிற வேலை. நோய்க்குப் பரம்பரை உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் எடையைத் தேற்றாமல் வெறும் பேச்சால் மனசைத் தேற்றுவது கஷ்டம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். கட்டுப்பாடு இழந்து அள்ளிச் சாப்பிடுவதை முக்கிய அறிகுறியாகக் கொண்ட புலிமியா நோயை 1979-இல் ஜெரால்ட் ரஸ்ஸல் விவரித்தார். அந்தப் பசியின் சாயலும் மினசோட்டாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

உடம்புக்குள்ளே என்ன நடக்குதுன்னு 1994-இல் ஒரு பெரிய துப்பு கிடைத்தது. ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு இதைச் சுரக்கிறது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். இருப்பு தீர்கிறது என்று மூளை புரிந்துகொள்ளும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். குண்டானவர் எடையைக் குறைத்தாலும் இதேதான் நடக்குது. குறைச்ச எடை திரும்பி வர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த 36 பேருக்கும் மனஉறுதி குறைச்சல்னு யாரும் சொல்ல முடியாது. நாடே போருக்குப் போனபோது மாட்டேன்னு நின்னவங்க. அவங்களையே பசி அந்தப் பாடு படுத்திச்சு. அதனால உங்க வீட்டுல யாராவது சாப்பாட்டோட மல்லுக்கட்டிட்டு இருந்தா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.