கடித உறை முதல் வாட்ஸ்அப் பூட்டு வரை

வாட்ஸ்அப்பில் புதிதாக ஒருவருடன் பேசத் தொடங்கினால், மேலே ஒரு சிறிய பூட்டுப் படத்துடன் குறிப்பு வரும். இந்தச் செய்திகளை உங்கள் இருவரைத் தவிர வேறு யாரும், வாட்ஸ்அப் நிறுவனமே கூட, படிக்க முடியாது என்பது அதன் சாரம். நம்மில் பலர் அதைப் படிக்காமலே தள்ளிவிடுகிறோம். அந்த ஒரு குறிப்புக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

நம் பகுதியிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் கடிதங்களைக் காத்தது ஒட்டிய உறையும் தபால்காரரின் நேர்மையும்தான். 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டப்படி, தபால் ஊழியர் கடிதத்தைப் பிரிப்பது குற்றமாக இருந்தது. ஆனால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு கடிதங்களை மடக்க வழி வைத்திருந்தது. தந்திக்கு 1885ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அந்த வழி இருந்தது. 1908இல் புதுச்சேரிக்குப் போன பாரதியாரின் கடிதங்களும் பிரிட்டிஷ் போலீசாரின் கைக்குத் தப்பவில்லை.

தந்தியில் உறையே கிடையாது. அனுப்புபவர், பெறுபவர், இடையில் உள்ள ஊழியர்கள் எல்லோரும் படிக்கலாம். அப்படியிருந்தும் வங்கிகள் தந்தி மூலம் பணம் அனுப்பின. தொகை, தேதி போன்றவற்றை வைத்துக் கணக்கிட்ட ஒரு ரகசிய எண் தந்தியில் சேர்ந்து வரும். பெறும் கிளையில் அதிகாரி குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகே பணம் வரவாகும். அந்தப் புத்தகம் அதிகாரிகளின் பொறுப்பில் பூட்டியிருக்கும். குமாஸ்தாக்களாகிய நாங்கள் அதைத் தொட முடியாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இரு முனையிலும் ஒரே புத்தகம் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முன்பின் தெரியாத இருவர் ரகசியம் பேச அதில் வழியில்லை.

அந்த முடிச்சை 1976இல் அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் கணிதத்தால் அவிழ்த்தார்கள். எளிமையாகச் சொன்னால் இப்படி: நான் திறந்த பூட்டுகளை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறேன், சாவி மட்டும் என்னிடம். யார் வேண்டுமானாலும் பெட்டியைப் பூட்டி எனக்கு அனுப்பலாம். திறப்பது நான் மட்டுமே. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர்கள் அனைவருக்கும் இத்தகைய முறையை அமலாக்கியது. சாவி நம் போனிலேயே இருக்கிறது. சாதாரண மனிதரின் கடிதம் இடையில் இருப்பவரின் நேர்மையை நம்பாமல் போய்ச் சேரும் காலம் அப்படி வந்தது.

சட்டத்திலும் மாற்றம் வந்தது. போன் ஒட்டுக்கேட்புக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

மறுபக்கமும் உண்டு. அவதூறும் வதந்தியும் பூட்டுக்குள் பரவினால் போலீசார் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். 2018இல் தாக்கலான பொதுநல மனுக்கள் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கேட்டன. விசாரணை, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்பதாக விரிந்தது. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. 2019இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகள், உரிய உத்தரவு வந்தால் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024இல் அங்கே சொன்னது.

வங்கி லாக்கரை வைத்து இதைப் பார்க்கலாம். நீதிமன்ற உத்தரவு வந்தால் சாட்சிகள் முன்னிலையில் ஒரு லாக்கரை உடைக்கலாம். பக்கத்து லாக்கர்களுக்கு ஒன்றும் ஆகாது. செய்தியில் அப்படி ஒன்றை மட்டும் உடைக்க முடியாது. எந்தச் செய்தியைப் பின்னால் தேடுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாததால், எல்லோருடைய செய்தியிலும் அடையாளம் வைத்தாக வேண்டும். குற்றவாளியைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காக எல்லா லாக்கருக்கும் மாற்றுச் சாவி செய்து வைப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

நாம் மறக்கக் கூடாத சில விஷயங்கள். பூட்டு வழியை மட்டுமே காக்கிறது. யாரோடு, எப்போது பேசினோம் என்ற விவரத்தை அது மறைப்பதில்லை. நம் குடியிருப்புக் குழுவில் யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பூட்டு என்ன செய்யும்? பேக்கப்புக்கும் தனியாக மறையாக்கத்தை நாமே இயக்க வேண்டும். செட்டிங்ஸில் சாட் பேக்கப் பகுதியில் அது இருக்கிறது. கடைசியாக, மோசடிக்காரர் அனுப்பும் செய்தியும் அதே பூட்டோடுதான் வருகிறது. ‘மகன் பேசுகிறேன், புது நம்பர், பணம் அனுப்புங்கள்’ என்று வந்தால், அன்று தந்தியின் ரகசிய எண் செய்த வேலையை இன்று நாம் செய்ய வேண்டும்: மகனின் பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.