இல்லக் கொடுமையும் சட்டத்தின் சரித்திரமும்

இல்லறமே நல்லறமென்று மேடைதோறும் பேசுகின்ற நாம், அவ்வில்லத்தினுள் ஒருத்தி அடிபட்டு அழுங்கால் மட்டும், ‘புருஷன் பெண்சாதி விவகாரம், நமக்கேன்?’ என்று விலகிக்கொள்கின்றோம். இவ்வழக்கம் எவ்வளவு பிழைபட்டதென்பதை நம் தேசத்துச் சட்டத்தின் சரித்திரமே காட்டும்.

1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம், காயம் விளைப்போர் யாவரையும் தண்டிக்க இடந்தந்தது. ஆயினும், மனைவிக்குக் கணவன் வீட்டார் இழைக்குங் கொடுமையை அது தனிக் குற்றமாகக் கூறவில்லை. 1961-ல் வரதட்சணை கொடுத்தலும் வாங்கலும் தடுக்கப்பட்டன. தடுத்தும் தீமை ஒழியவில்லை. ஆகவே 1983-ல் 498-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணவனேனும் அவன் சுற்றத்தாரேனும் செய்யுங் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறைவாசமும் அபராதமும் அதனால் விதிக்கப்பட்டன. உடலுக்கேயன்றி மனத்திற்கு விளைக்கும் பெருங்கேடும் கொடுமையேயென்று அப்பிரிவு உரைத்தது. 1986-ல் வரதட்சணை மரணமும் தனிக் குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டம் நீங்கிப் புதிய நியாய சம்ஹிதை வந்தபோதும், இக்குற்றங்கள் அதிலும் இடம்பெற்றன.

கொடியவனைத் தண்டித்தல் ஒன்று. துன்புற்றவள் அன்றிரவு தங்க இடம்பெறுதல் மற்றொன்று. இப்பின்னதைக் கருதியே 2005-ல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்குஞ் சட்டம் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமுலுக்கு வந்தது. அடி உதையோடு இழிசொல், பாலியல் கொடுமை, ஜீவனத்திற்குப் பணங்கொடாது வருத்துதல் ஆகியனவும் வன்முறையே என்று இச்சட்டம் வகுத்தது. மனைவியோடு, உடன்வாழும் தாய், சகோதரி முதலியோரையும் காத்தது. வீடு தன் பெயரில் இல்லாதிருப்பினும், அதில் வசிக்கும் உரிமையை மனைவிக்கு அளித்தது. மாஜிஸ்திரேட்டு, மனுப்பெற்ற மூன்று நாட்களுக்குள் சாதாரணமாக முதல் விசாரணை வைத்தல் வேண்டும்.

இச்சட்டத்தில் நம் சங்கத்தார் ஊன்றி நோக்கத்தக்க விதி ஒன்றுண்டு. கொடுமை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கில்லை. ‘நமக்கேன்?’ என்னும் வினாவுக்கு இதுவே விடை.

அடிபட்டுப் பிறந்தகம் வந்த பெண்ணை, ‘அனுசரித்துப் போ, அம்மா’ என்று பஞ்சாயத்தார் திருப்பியனுப்பிய காலங்களில் நாமும் அச்சபைகளில் வீற்றிருந்தோம், வாய் திறந்திலோம். குலத்தின் மானம் அம்மௌனத்தால் காக்கப்பட்டதென்று எண்ணினோம். அவ்வெண்ணத்திற்கு விலை கொடுத்தவள் அப்பெண்ணே. இனியேனும் நம் அங்கத்தினர், மணம் பேசும்போதே இவ்வுரிமைகளைத் தம் புதல்வியர்க்கும் புதல்வர்க்கும் எடுத்துரைப்பாராக. திரும்பிவரும் பெண்ணுக்குக் கதவைத் திறந்து வைப்பாராக.