ஜெய் ஜவான் ஜெய் கிசான்

ஜெய் ஜவான் ஜெய் கிசான் என்பது இந்தியாவின் பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி 1965 ஆம் ஆண்டில் எழுப்பிய முழக்கம் ஆகும். எல்லையைக் காக்கும் படைவீரரையும் நாட்டுக்கு உணவளிக்கும் உழவரையும் ஒருசேரப் போற்றும் இம்முழக்கத்தைச் சாஸ்திரி அலகாபாத் மாவட்டத்தில் உள்ள உருவா என்னும் ஊரில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் முழங்கினார். 1965 ஆம் ஆண்டின் இந்திய-பாகிஸ்தான் போரும் கடும் உணவுத் தட்டுப்பாடும் இம்முழக்கம் தோன்றக் காரணமாயின.

சொற்பொருள்

'ஜெய்' என்பது வெற்றியைக் குறிக்கும் வாழ்த்துச் சொல்லாகும். 'ஜவான்' என்பது இளைஞன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். இந்தியாவில் இது சாதாரணப் படைவீரரைக் குறிக்க வழங்குகிறது. 'கிசான்' என்பது உழவரைக் குறிக்கும். முழக்கத்தைத் தமிழில் 'வாழ்க படைவீரர், வாழ்க உழவர்' எனலாம். இம்முழக்கம் படைத் தளபதிகளையோ பெருநிலக்கிழார்களையோ சுட்டாமல், களத்தில் நிற்கும் எளிய மனிதர்களையே சுட்டுவது குறிப்பிடத்தக்கது.

பின்னணி

1962 ஆம் ஆண்டு சீனாவுடன் நடந்த போரில் அடைந்த தோல்வி இந்தியப் படைகளின் மன உறுதியைப் பெரிதும் பாதித்திருந்தது. ஜவஹர்லால் நேருவின் மறைவுக்குப் பின் 1964 ஜூன் 9 அன்று சாஸ்திரி பிரதமராகப் பொறுப்பேற்றார். 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் இந்திய, பாகிஸ்தான் படைகள் மோதிக்கொண்டன. ஆகஸ்ட் மாதத்தில் பாகிஸ்தான் 'ஜிப்ரால்டர் நடவடிக்கை' என்ற பெயரில் காஷ்மீருக்குள் ஆட்களை ஊடுருவச் செய்தது. ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் படைகள் ஹாஜி பீர் கணவாயைக் கைப்பற்றின. செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தான் சாம்ப் பகுதியில் தாக்குதல் தொடுத்தது. இதற்குப் பதிலடியாக, செப்டம்பர் 6 அன்று இந்தியப் படைகள் பன்னாட்டு எல்லையைக் கடந்து லாகூரை நோக்கி முன்னேறின.

பஞ்சாபின் அசல் உத்தர் என்னுமிடத்தில் நடந்த தாங்கிப் போரில் பாகிஸ்தானின் பாட்டன் வகைத் தாங்கிகள் பல அழிக்கப்பட்டன. அங்கு வீரமரணம் அடைந்த அப்துல் ஹமீதுக்கும், சியால்கோட் முனையில் உயிர்நீத்த அர்தேசிர் தாராபூருக்கும் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் தீர்மானத்தை ஏற்று செப்டம்பர் 23 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. இப்போரில் இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 3,000 படைவீரர்கள் உயிரிழந்தனர்.

உணவு நெருக்கடி

அக்காலத்தில் இந்தியா, அமெரிக்காவின் பொதுச் சட்டம் 480 இன்படி இறக்குமதியான கோதுமையைப் பெரிதும் நம்பியிருந்தது. இத்திட்டத்தின்கீழ் இருந்த உடன்பாடு 1965 இன் நடுப்பகுதியில் முடிவுற்றபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நீண்டகால உடன்பாட்டுக்கு இசையாமல் சிறுசிறு அளவுகளிலேயே கோதுமையை அனுப்பச் செய்தார். போர் தொடங்கியதும் இரு நாடுகளுக்கும் அளித்துவந்த படைத்துறை உதவியையும் அமெரிக்கா நிறுத்தியது.

அதே ஆண்டில் பருவமழையும் பொய்த்தது. 1964-65 இல் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவுதானிய விளைச்சல் 1965-66 இல் ஏறத்தாழ 7.2 கோடி டன்னாகக் குறைந்தது. உணவுக்கு அயல்நாட்டை நம்பியிருக்கும் நாடு போர்க்காலத்தில் தன் விருப்பப்படி முடிவெடுக்க இயலாது என்பதை இந்நிலை உணர்த்தியது. எனவே உழவரின் பணியும் நாட்டுப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்னும் கருத்தை இம்முழக்கம் மக்கள் முன் வைத்தது. வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். பலர் திங்கட்கிழமை மாலை உணவைத் தவிர்த்தனர். உணவகங்கள் பலவும் அவ்வேளையில் மூடப்பட்டன.

நடைமுறைகள்

சாஸ்திரியின் அமைச்சரவையில் உணவு, வேளாண்மைத் துறைகளுக்குத் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் பொறுப்பு வகித்தார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைக்கப்பட்டன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் முதலிய அறிவியலாளர்களின் பரிந்துரையை ஏற்று, 1966 இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. கோதுமை விளைச்சல் 1967-68 இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. இம்மாற்றம் பசுமைப் புரட்சி எனப்படுகிறது.

தாஷ்கண்ட் உடன்பாடும் சாஸ்திரியின் மறைவும்

1966 ஜனவரி 10 அன்று சாஸ்திரியும் பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் அயூப் கானும் தாஷ்கண்ட் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். இதன்படி இரு தரப்புப் படைகளும் 1965 ஆகஸ்ட் 5 க்கு முன்பிருந்த நிலைகளுக்குத் திரும்பின. படைவீரர்கள் உயிரைக் கொடுத்துக் கைப்பற்றிய ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தந்தது இந்தியாவில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. மறுநாள் அதிகாலையில் சாஸ்திரி தாஷ்கண்டிலேயே காலமானார். முழக்கத்தின் பயன்களைக் காண அவர் உயிரோடு இல்லை. அவருக்கு 1966 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

பிற்கால வழக்குகள்

இம்முழக்கத்தைக் கருவாகக் கொண்டு மனோஜ் குமார் இயக்கி நடித்த 'உப்கார்' என்னும் இந்தித் திரைப்படம் 1967 இல் வெளிவந்தது. அதன் நாயகன் உழவனாகவும் படைவீரனாகவும் வாழ்பவன். 1998 மே மாதம் பொக்ரானில் நடந்த அணுவெடிப்புச் சோதனைகளுக்குப் பின் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் அறிவியலைப் போற்றும் 'ஜெய் விக்யான்' என்பதை முழக்கத்துடன் சேர்த்தார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோதி ஆராய்ச்சியைக் குறிக்கும் 'ஜெய் அனுசந்தான்' என்பதைச் சேர்த்தார்.

தலைவர்கள் மட்டுமன்றிப் போராடுவோரும் இம்முழக்கத்தைக் கையாள்கின்றனர். 2020-21 இல் தில்லி எல்லைகளில் நடந்த உழவர் போராட்டத்தில் இது ஒலித்தது. வட இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாப், அரியானா மாநிலங்களில், ஒரே குடும்பத்தில் ஒருவர் உழவராகவும் மற்றொருவர் படைவீரராகவும் இருப்பது இயல்பு. அத்தகைய குடும்பங்களுக்கு இம்முழக்கம் ஒரு வாழ்த்தாக மட்டுமன்றி, அரசிடம் தம் உரிமையை நினைவூட்டும் சொல்லாகவும் விளங்குகிறது.