கை கால் வெளங்குமா?

தென்காசிப் பக்கம் மூளையில் ஆபரேஷன் என்றதும் வீட்டார் முதலில் கேட்பது, "உசுருக்கு ஒண்ணுமில்லையே?" அடுத்தது, "கை கால் வெளங்குமா?" உறவினர் ஒருவருக்காக நானும் இதைக் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

மூளை ரத்தக்குழாயில் வரும் வீக்கத்தைக் கிளிப் போட்டு அடைப்பதை 1937ல் அமெரிக்காவின் வால்டர் டேண்டி செய்துகாட்டினார். 1949ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஆனாலும் மயக்கத்தில் கிடப்பவரின் கை அசையுமா என்பது அவர் கண்விழித்தால்தான் தெரியும்.

சிக்கல் இதுதான். குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாற்றில் கரை உடைந்தால் அடைக்கிறோம். பக்கத்து மடையும் சேர்ந்து அடைபட்டால் வயல் காயும். வீக்கத்தின் அருகே பிரியும் நூல் போன்ற குழாய் கிளிப்பில் சிக்கினாலும் அப்படித்தான். கை காலுக்குப் போகும் நரம்புப் பாதை பட்டுப்போகும்.

1980ல் இங்கிலாந்தில் மெர்ட்டனும் மார்ட்டனும் மண்டையைத் திறக்காமலே மூளைக்கு மின்சாரம் செலுத்தி, விழித்திருந்தவரின் தசையை அசைத்தார்கள். ஆனால் மயக்க மருந்து அந்தப் பதிலை அமுக்கிவிடும். 1993ல் தானிகுச்சி குழுவினர் ஒற்றைத் துடிப்புக்குப் பதில் அடுத்தடுத்து வேகமாகச் சில துடிப்புகள் கொடுத்தார்கள். மயக்கத்திலும் தசை பதில் சொன்னது.

இன்று கிளிப் போட்டதும் திரையில் தசையின் அலை சரிந்தால், உடனே கிளிப்பை எடுத்து மாற்றிப் போடுகிறார்கள். அலை திரும்பினால் கை பெரும்பாலும் வெளங்கும். முழு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் திருத்த நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது.