பிரிய மறுத்த இரட்டையர்கள்

பெட்ரோமாக்ஸ் விளக்கு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் கவுண்டமணி - செந்தில் காமெடிதான். செந்தில் கை பட்டு நொறுங்குமே ஒரு மேண்டில், அதற்குப் பின்னால் நூறு வருடப் போராட்டம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

தனிம வரிசை அட்டவணைக்குக் கீழே, ஒதுக்கி வைத்த மாதிரி இரண்டு வரிசைகள் இருக்கும். அதில் மேல் வரிசைதான் லாந்தனைடுகள். அணு எண் 57 லாந்தனம் முதல் 71 லுட்டீசியம் வரை மொத்தம் 15 தனிமங்கள். அருமண் தனிமங்கள் என்றும் சொல்வார்கள். ஆனால் பெயரில்தான் 'அரு'. பூமியின் மேலோட்டில் சீரியம் கிட்டத்தட்ட தாமிரம் அளவுக்கு இருக்கிறது! பிறகு என்னதான் அருமை? பிரித்தெடுப்பதுதான்.

கதை 1787-ல் ஸ்வீடனில் தொடங்குகிறது. இட்டர்பி என்ற ஊரின் குவாரியில் அரேனியஸ் என்ற ராணுவ அதிகாரிக்குக் கனமான ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. 1794-ல் பின்லாந்தின் காடோலின் அதை ஆராய்ந்து, அதில் புதிதாக ஒரு 'மண்' இருப்பதாகச் சொன்னார். (அந்தக் காலத்தில் ஆக்சைடுகளை அப்படித்தான் அழைத்தார்கள்.) 1803-ல் வேறொரு ஸ்வீடன் கனிமத்திலிருந்து சீரியத்தின் ஆக்சைடு கிடைத்தது. இரண்டு மண், இரண்டு தனிமம், கதை முடிந்தது என்று நினைத்தார்கள்.

முடியவில்லை. 1839-ல் மொசாண்டர் என்பவர் சீரியத்துக்குள் இன்னொன்று மறைந்திருப்பதைக் கண்டார். கிரேக்க மொழியில் 'ஒளிந்திருப்பது' என்ற பொருளில் லாந்தனம் என்று பெயரிட்டார். 1841-ல் அதற்குள்ளும் ஒன்று! அதற்கு 'இரட்டை' என்ற பொருளில் டிடிமியம் என்று பெயர். நாற்பது வருடங்களுக்கு மேல் அது ஒரு தனிமம் என்றே நம்பப்பட்டது. 1885-ல் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் அதையும் பிரசியோடைமியம், நியோடைமியம் என்று இரண்டாக உடைத்தார். இரட்டை என்று பெயர் வைத்த ராசியோ என்னவோ!

ஏன் இத்தனை குழப்பம்? இந்தத் தனிமங்களில் ஒவ்வொன்றாகக் கூடும் எலக்ட்ரான் வெளிக்கூட்டுக்குப் போகாமல், பெரும்பாலும் உள்ளே இருக்கும் 4எஃப் கூட்டுக்குள் போய் உட்கார்ந்து கொள்கிறது. வெளியே முகம் ஒரே மாதிரி. எல்லாமே பொதுவாக மூன்று எலக்ட்ரான்களை இழந்து அயனியாகின்றன. ஒரே வித்தியாசம் அளவு. லாந்தனம் அயனியின் ஆரம் சுமார் 103 பிக்கோமீட்டர், லுட்டீசியத்தினுடையது 86. 14 படிகளில் மொத்தமே 17 பிக்கோமீட்டர்தான் குறைகிறது. இதுதான் லாந்தனைடு குறுக்கம். அதனால் உப்புகளின் கரைதிறனில் மயிரிழை வித்தியாசம்தான் வரும். அதை நம்பித்தான் கரைப்பது, படிகமாக்குவது, மறுபடி கரைப்பது என்று உழைத்தார்கள். 1911-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் சுத்தமான தூலியம் உப்புக்காக இதைச் சுமார் 15,000 முறை செய்தார்!

வெல்ஸ்பாக் நல்ல வியாபாரியும்கூட. லாந்தனம் கலந்த அவருடைய முதல் மேண்டில் பச்சை வெளிச்சம் கொடுத்து, விலை போகவில்லை. 1891-ல் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்று மாற்றினார். உலகமே வாங்கியது. தோரியத்துக்காக மோனசைட் மணலைக் கரைக்கக் கரைக்க, மிஞ்சிய அருமண் கழிவு குவிந்தது. 1903-ல் அதைப் பிரிக்காமலே உலோகமாக்கி, இரும்போடு சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். லைட்டரில் பொறி பறக்கும் 'கல்' அதுதான். பிரிய மறுத்ததை அப்படியே விற்றுவிட்டார்!

மணலுக்கான தேடல் நம் பக்கமும் வந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிறில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதன் தடம் மணவாளக்குறிச்சி வரை வந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் ஊர்.

சரி, மொத்தம் எத்தனை லாந்தனைடுகள்? யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1913-14-ல் மோஸ்லி என்ற ஆங்கில இளைஞர் எக்ஸ் கதிரை வைத்து அணு எண்ணை அளந்து விடை சொன்னார். 15-க்கு மேல் இடமில்லை, 61 மட்டும் காலி. 1915 ஆகஸ்ட்டில் கலிப்போலி போர்முனையில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 27. அவர் காட்டிய காலி இடம் 1945-ல்தான், அணு உலையின் கழிவிலிருந்து கிடைத்த புரோமெத்தியத்தால் நிரம்பியது. அதே 1940-களில் அயனிப் பரிமாற்ற முறை வந்து, வருடக்கணக்கான படிகமாக்கும் வேலைக்கு முடிவு கட்டியது.

இன்று மின்சார கார்களின் காந்தங்களில் நியோடைமியம் இருக்கிறது. பிரித்துச் சுத்திகரிக்கும் தொழிலில் சீனாதான் முன்னணி. மணவாளக்குறிச்சியில் மோனசைட் இன்னும் இருக்கிறது. ஆனால் மணல் கையில் இருப்பது வேறு, பிரிக்கும் வித்தை கையில் இருப்பது வேறு. 1787-லிருந்து இந்தத் தனிமங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் அதுதான்.