ஃபபெல்லா

ஃபபெல்லா என்பது முழங்காலின் பின்புறம், வெளிப்பக்கமாக, சிலருக்கு மட்டுமே அமையும் சிறு எலும்பு. கெண்டைக்கால் தசையின் வெளித்தலைத் தசைநாணுக்குள் இது புதைந்திருக்கும். முழங்காற்சில்லைப் போல இதுவும் தசைநாணுக்குள் அமையும் எள்ளெலும்பு வகையைச் சேர்ந்தது. பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. அரிதாக வலி தரும்போது அது ஃபபெல்லா நோய்க்குறித் தொகுதி எனப்படுகிறது.

அமைப்பு

இந்த எலும்பு ஏறத்தாழ 1 செ.மீ. அளவுடையது. இதன் முன்பக்கம் தொடை எலும்பின் வெளிக்குமிழில் உரசியபடி இருக்கும். முதலில் குருத்தெலும்பாக இருந்து, பெரும்பாலும் பதின்பருவத்தில் எலும்பாக மாறும். சிலருக்குக் கடைசிவரை குருத்தெலும்பாகவே நின்றுவிடும். நாய், பூனைகளுக்கு இது இயல்பாகவே உண்டு.

பரவல்

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், 27 நாடுகளைச் சேர்ந்த 21,000-க்கும் மேற்பட்ட முழங்கால்களின் பதிவுகளைத் தொகுத்து 2019-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். 1918-இல் சுமார் 11 விழுக்காட்டினருக்கு இருந்த ஃபபெல்லா, 2018-இல் 39 விழுக்காட்டினருக்கு இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டனர். ஊட்டம் மேம்பட்டதால் மனிதரின் உயரமும் எடையும் கூடி, முழங்காலின்மீது விழும் விசை மிகுந்ததே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஆசியரிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது.

வலியும் காரணங்களும்

முழங்காலின் பின்புற வெளிப்பக்கத்தில் குத்தலாக எழும் வலி, காலை முழுவதும் நீட்டும்போது அதிகரிக்கும். குருத்தெலும்புத் தேய்மானம், எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவைக்குப் பின் செயற்கை மூட்டில் உரசுதல் ஆகியவை காரணங்களாகலாம். அருகில் செல்லும் பெரோனியல் நரம்பை இந்த எலும்பு அழுத்தினால் மரமரப்பும், பாதத்தைத் தூக்க முடியாத நிலையும் ஏற்படலாம்.

கண்டறிதல்

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இந்த எலும்பு தெளிவாகத் தெரியும். ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அது தெரிவதால், படத்தை மட்டும் நம்பி இதைக் குற்றவாளியாக்க முடியாது. சவ்வுக் கிழிசல், பேக்கர் நீர்க்கட்டி, மூட்டுக்குள் மிதக்கும் எலும்புத் துணுக்கு ஆகியவற்றை எம்.ஆர்.ஐ. முதலிய சோதனைகளால் விலக்க வேண்டும். எலும்பு இருக்கும் இடத்தை விரலால் அழுத்தியதும் அதே வலி எழுவதும், அங்கே மரப்பு ஊசி போட்டதும் வலி தற்காலிகமாக அடங்குவதும் நோயை உறுதிப்படுத்த உதவும்.

சிகிச்சை

ஓய்வு, வலி நிவாரணி, இயன்முறைப் பயிற்சி, ஸ்டீராய்டு ஊசி ஆகியவை முதலில் முயலப்படும். இவற்றுக்கும் அடங்காத வலிக்கு எலும்பை அகற்றும் அறுவை செய்யப்படுகிறது. அப்போது பெரோனியல் நரம்பு பழுதுபடாமல் காப்பது முக்கியம்.