'பொலேட்டஸ்': ஒரு பெயரின் இடப்பெயர்ச்சி

சில காளான்களின் குடைக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருப்பதில்லை; கடற்பஞ்சு போன்று நுண்துளைகளே நிறைந்திருக்கும். இத்தகைய துளைக்காளான்களின் முதன்மையான பேரினத்திற்கு அறிவியலார் இட்டுள்ள பெயர் 'பொலேட்டஸ்'. பழைய இலத்தீன் நூல்களிலும் இச்சொல் பயில்கிறது. இரண்டையும் ஒரே பொருளினவாகக் கொள்வது மொழிபெயர்ப்பாளர்க்கு எளிது. ஆயினும் அது பிழை.

கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, பொலேட்டஸ் முதலில் ஓர் உறைக்குள் தோன்றுகிறது என்றும் முட்டைக்குள் மஞ்சட்கரு போல அதனுள் இருக்கிறது என்றும் விவரிக்கிறார். துளைக்காளானுக்கு இவ்வுறை கிடையாது. வெண்ணிற உறையைக் கிழித்துக்கொண்டு செம்மஞ்சள் குடை விரிப்பது, இன்று அமனிட்டா சீசரியா எனப்படும் தகட்டுக்காளானே. துளைக்காளானை உரோமர் 'சுயில்லஸ்' என்றனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 'பன்றிக்கு உரியது' என்பது அதன் பொருள். (தமிழின் 'நாய்க்குடை' இங்கு நினைவுக்கு வரும்.)

மார்சியலின் பாடல் ஒன்றில் விருந்தளிப்பவன் பொலேட்டஸ் உண்கிறான். விருந்தினனுக்குச் சுயில்லஸே கிடைக்கிறது. முன்னதைத் துளைக்காளான் என்று பெயர்த்தால் இருவரும் ஒன்றையே உண்டவராவர். விருந்தினனின் மனக்குறைக்குக் காரணமே இராது. கி.பி. 54இல் பேரரசர் கிளாடியஸ் பொலேட்டஸில் கலந்த நஞ்சால் இறந்தார் என்பது பழைய வரலாற்றாசிரியர் கூற்று. காளானே நஞ்சாயிருந்திருக்கலாம் என்று ஐயுறுவோர், உயிர்கொல்லிகளும் அமனிட்டா இனத்திலேயே உள்ளமையைச் சுட்டுவர். தவறான பெயர்ப்பில் இந்த ஐயத்துக்கு இடமே இல்லை.

பெயரைத் துளைக்காளானுக்கு நிலைநிறுத்தியவர் லின்னேயஸ். 1753ஆம் ஆண்டு நூலில் மரங்களில் வளரும் கடினமான துளைப்பூஞ்சைகளையும் அவர் இதில் அடக்கினார். உண்ணத்தக்க இனத்துக்குப் புல்லியார் 1782இல் 'பொலேட்டஸ் எடுலிஸ்' என்று பெயரிட்டார். 'எடுலிஸ்' என்பதற்கு உண்ணத்தக்கது என்றே பொருள். 1821இல் கிரே 'சுயில்லஸ்' என்பதையும் ஒரு பேரினப் பெயராக்கினார். ஆனால் அது சுட்டுவது ஊசியிலை மரங்களோடு இணைந்து வளரும் வேறு துளைக்காளான்களை. பழைய உரிமை காக்கப்படவில்லை.

பேச்சுவழக்கு இவ்வாணைகளுக்குக் கட்டுப்படவில்லை. எடுலிஸை இத்தாலியர் இன்றும் 'போர்ச்சினோ', அதாவது பன்றிக்குட்டி, என்றே வழங்குகின்றனர். உரோம விருந்தில் தாழ்ந்தது இன்று விலையுயர்ந்த உணவு. காட்டலானில் 'பொலெத்' காளானுக்கே பொதுப்பெயராயிற்று. ஜெர்மன் 'பில்ட்ஸ்' என்பதும் அதே இலத்தீன் மூலத்திலிருந்து வந்து அதே பொதுப்பொருளைப் பெற்றது.

எனவே உரோம நூல்களைத் தமிழாக்குவோர் 'பொலேட்டஸ்' என ஒலிபெயர்த்துக் குறிப்பு எழுதுவதே தக்கது. அறிவியல் நூல்களிலோ நூலின் ஆண்டையும் நோக்கவேண்டும். 1831இல் லென்ஸ் 'பொலேட்டஸ் சடானாஸ்' என்று பெயரிட்ட நச்சுக்காளான், 2014இல் 'ருப்ரோபொலேட்டஸ்' என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டது.